கயிற்றில் பத்தொன்பது சட்டைகள்

பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். சனசமூக நிலையத்தின் வாசலில் நான் முதலில் கண்டது செருப்புகளை. முன்கதவுக்கு வெளியே ஒன்பது சோடி. களப்புப் பக்கம் திறக்கும் கதவுக்கு வெளியே எட்டுச் சோடி. எண்ணினேன். மூன்று வருடமாகக் கூடாத ஒரு தொண்டர் குழுவில், ஒரு கடிதத்துக்குப் பதினேழு பேர் வந்திருக்கிறார்கள் என்று எனக்குள் சந்தோசப்பட்டேன். செருப்புகள் ஏன் இரண்டு இடத்தில் கிடக்கின்றன என்று யோசிக்கவில்லை.

கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். கலைந்துபோன சங்கத்தை மீண்டும் கூட்டுவது எப்படி என்று பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். அன்று நான் அதன்படிதான் நடந்தேன்.

ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலோரம். பெயர் வேண்டாம், அங்கே அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஊருக்கு மேற்கே வயல்வட்டை, கிழக்கே களப்பு என்னும் உப்பங்கழி, களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. மாரி மழையில் களப்பு நிரம்பினால் தண்ணீர் வயலுக்குள் ஏறும். அப்போது மணல்மேட்டைக் குறுக்கே வெட்டிக் களப்பைக் கடலில் திறந்துவிட வேண்டும். முகத்துவாரம் வெட்டுவது என்பார்கள். சீக்கிரம் வெட்டினால் களப்பில் வளரும் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும். பிந்தி வெட்டினால் பயிர் அழுகும். ஒரே ஊரில், ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்களுக்குள் வயல்காரர் ஒரு பக்கம், தோணிக்காரர் ஒரு பக்கம்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து ஒரு வெள்ளத் தொண்டர் குழு அமைத்தார்கள். இருபது பேர். அடுத்த மாரியில் ஒரு தடவை முகத்துவாரம் வெட்டினார்கள். அதன் பிறகு குழு கூடவில்லை. அலுவலகக் கோவையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ‘செயலிழந்துள்ளது.’

நான் சம்மாந்துறை ஆள். இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருடம் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று கேட்காமல் நான்கு வரிச் செய்திகூட அனுப்பியதில்லை. அப்படிப்பட்ட நான், இந்தக் குழு ஏன் நின்றது என்று அந்த ஊரில் ஒருவரிடமும் கேட்காமல் கூட்டத்துக்குப் போனேன். அவசரம் இருந்தது. களப்பு நிரம்பிவிட்டது. வட்டையில் கதிர் வெளிவரப்போகும் குடலைப் பருவத்துப் பயிர் முழங்கால் தண்ணீரில் நின்றது. அரசாங்கத்தின் மண் தள்ளும் இயந்திரம் உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அந்தப் போகம் இல்லை.

உள்ளே பிளேன்டி, பால் விடாத தேநீர், பரிமாறப்பட்டிருந்தது. வயல்காரர் ஒரு சுவரோரம், தோணிக்காரர் எதிர்ச்சுவரோரம். தோணிக்காரரின் தலைவர் மீராலெவ்வை பேச்சைத் தொடங்கினார். அறுபது வயது, வெற்றிலை வாய்.

“வட்டைக்குள்ள தண்ணி ஏறினாத்தான் எங்கட ஞாபகம் வரும் வயல்காரனுக்கு. கந்தூரிச் சாப்பாட்டுக்கு ஒரு நாளும் கூப்பிடமாட்டான்.”

எதிர்ச்சுவரிலிருந்து ஒருவர், அண்ணன் முறையில் காக்கா என்று விளித்து, “உங்கட இறாலுக்கு மீசை முளைக்கும் மட்டும் நாங்க கழுத்துத் தண்ணியில நிக்கணுமா காக்கா?” என்றார்.

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இது வழக்கமான சச்சரவு, பேசித் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கோவையோடு எனக்குக் கிடைத்திருந்த பழைய வரவுப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தின் தலைப்பு ‘முகத்துவாரம் வெட்டுதல்’. கீழே இருபது பெயர்கள். பழைய உறுப்பினர் பட்டியலை வாசித்துத் தொடங்கினால் விட்டுப்போன உறவு திரும்பும் என்பது பயிற்சியில் சொன்னது. வாசித்தேன். ஒவ்வொருவராக “ஓம்” என்றார்கள். இரண்டு பெயருக்கு “சவூதிக்குப் போயிட்டாரு” என்றார்கள். பதினான்காவது பெயர் முகம்மது சித்தீக். பதில் இல்லை. மறுபடி சத்தமாக வாசித்தேன். பதில் இல்லை.

சபையைச் சிரிக்க வைக்க நினைத்தேன்.

“என்ன, சித்தீக் இன்னும் முகத்துவாரத்திலதான் மண் வெட்டிக்கொண்டு நிக்கிறாரா?” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் இன்றும் சொல் மாறாமல் நினைவிருப்பது இதுதான்.

கூரைத் தகரத்தில் தூறல் விழுவது கேட்டது. எனக்கு நேரெதிரே இருந்தவர் கையில் பிளேன்டிக் கோப்பை பாதிவழியில் நின்றது. பிறகு தோணிக்காரர் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். முப்பத்தைந்து வயது, அகன்ற தோள். பெயர் ஆதம்பாவா என்று பிறகு அறிந்தேன்.

“ஓம் சேர்” என்றார். “அங்கதான் நிக்கிறான். மூணு வருசமா நிக்கிறான். ஏறல்ல. மையத்தும் கிடைக்கல்ல.” கையை நீட்டி எதிர்ச்சுவரைக் காட்டினார். “விசிலை ஊதினவரு அந்தா இரிக்காரு. அவரக் கேளுங்க, என்ட மச்சான் எங்க எண்டு.”

அவர் காட்டிய மனிதர் குழுவின் பழைய செயலாளர் உதுமாலெவ்வை. ஒடிசலான வயல்காரர், வெள்ளைத் தொப்பி. அவர் எழுந்து தன் குடையைத் தேடினார். அதற்குள் இரண்டு பக்கமும் எழுந்துவிட்டது. “இறாலுக்காக நாலு நாள் பிந்தினது ஆர்? தண்ணி அவ்வளவு ஏறினது ஆரால?” என்று ஒரு பக்கம். “வயலுக்காக மனிசன உயிரோட அடக்கினீங்களேடா” என்று மறுபக்கம். ஒரு வாங்குப் பலகை கவிழ்ந்தது. ஐந்து நிமிடத்துக்குள் எனக்கு முழுச் செய்தியும் கிடைத்தது, கூச்சலாக.

சித்தீக் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. மணம் முடித்தது ஆதம்பாவாவின் தங்கை ஹாஜறாவை. அந்த ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில் வாழப் போய்த் தோணிக்காரனாகவும் ஆனவர். ஆகையால் இரண்டு பக்கத்தாரும் அவரைத் தங்கள் ஆள் என்றார்கள். அன்று கால்வாய்க்குள் நின்று மண் வெட்டிக்கொண்டிருந்தபோது, களப்புப் பக்கத்தில் கடைசியாக விட்டுவைத்திருந்த தடுப்பு மண் உதுமாலெவ்வையின் விசிலைக் கேட்டு உடைக்கப்பட்டது. தண்ணீர் அவரைக் கடலுக்குக் கொண்டுபோனது. மூன்று நாள் தேடினார்கள். பிறகு, உடல் இல்லாத மரணத்துக்குத் தொழும் காயிப் ஜனாசா தொழுதார்கள். அதிலும் இரண்டு வரிசையாக நின்றார்களாம்.

கூட்டம் குழம்பினால் ஒத்திவைத்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. ஒத்திவைத்திருந்தால் அந்தப் பதினேழு பேர் இன்னொரு கடிதத்துக்கு வந்திருக்கமாட்டார்கள். பயிரும் போயிருக்கும். இப்படி எல்லாம் நிதானமாக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். மேசையை விட்டு எழுந்து ஆதம்பாவா முன்னால் போய் நின்றேன்.

“எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும், கேக்கல்ல. என்ட பிழை. மன்னிச்சிக்கோங்க” என்றேன். பிறகு எல்லோருக்குமாகச் சொன்னேன். “ஆர் பிழை எண்டு நான் கேக்கமாட்டன். அண்டைக்கு நீங்க ஒவ்வொருத்தரும் எங்க நிண்டீங்க? அத மட்டும் செல்லுங்க.”

மீராலெவ்வை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “இஞ்ச இருந்து செல்லி விளங்காது சேர். நடங்க.”

பதினேழு பேரும் நடந்தார்கள். இரண்டு கூட்டமாக, நடுவில் நான். அரைமணி நேரத்தில் மணல்மேட்டுக்கு வந்தோம். ஐந்து மணி ஐந்து நிமிடம். தூறல் விட்டிருந்தது. களப்பு மேட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. பழைய கால்வாய் மணலால் மூடி ஒரு பள்ளமாகத் தெரிந்தது. பாதிவழியில் அது வலப்பக்கம் வளைந்து கடலுக்குப் போனது. ஒவ்வொருவரும் அன்று நின்ற இடத்தில் போய் நின்றார்கள். நான் சொல்லாமலே மண்வெட்டி பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டார்கள். வளைவுக்கு அப்பால், கடல் முனையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. உதுமாலெவ்வை நின்ற இடத்திலிருந்து அந்த இடம் தெரியாது. நானே போய் நின்று பார்த்தேன். தெரியவில்லை.

“அப்ப எத வச்சி விசில் ஊதினீங்க?” என்று கேட்டேன்.

உதுமாலெவ்வை மேட்டில் நட்டிருந்த ஒரு கம்பைக் காட்டினார். அதன் சோடிக் கம்பு சரிந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டுவார்கள். தண்ணீருக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் சட்டையைக் கழற்றிக் கயிற்றில் போட வேண்டும். ஏறுகிறவர் தன் சட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றில் எத்தனை சட்டையோ அத்தனை பேர் கீழே. கயிறு வெறுமையானால் எல்லாரும் ஏறியாயிற்று, விசில், தடுப்பு மண்ணை உடைக்கலாம். அவர்களே கண்டுபிடித்த முறை. நல்ல முறை. எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும். சேற்றுக் கையால் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

“அண்டைக்குப் பத்தொன்பது சட்டை” என்றார் உதுமாலெவ்வை. “நான் எண்ணினன். வெறுமையான பொறகுதான் ஊதினன் சேர். அல்லாஹ் மேல ஆணையா ஒரு சட்டையும் இருக்கல்ல.”

“மூணு வருசமா இந்த ஒரு பாட்டுத்தான்” என்றார் ஆதம்பாவா.

நான் மீராலெவ்வையிடம் திரும்பினேன். “காக்கா, விசில் ஊதின நேரம் நீங்க எங்க நிண்டீங்க?”

“கயித்துக்குப் பக்கத்தில.”

“சட்டை ஏதும் கண்டீங்களா?”

மூன்று வருடம் எதிர்ப்பக்கத்தில் நின்ற மனிதர் அவர். கம்பைப் பார்த்தார்.

“இல்ல” என்றார். “கயிறு வெறுமைதான். கண்டன்.”

“பின்ன ஏன் காக்கா இவ்வளவு நாளும் செல்லல்ல?” உதுமாலெவ்வை அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

“என்னிட்ட ஆர் கேட்ட?”

இரண்டு பக்கமும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: கயிறு வெறுமை, இருவர் சாட்சி. எழுதிய கையோடு, பழைய நிருபர் பழக்கத்தில், அடுத்த கேள்வி தானாக வந்தது.

“அப்படியெண்டா, ஏறாத மனிசன்ட சட்டைய எடுத்தது ஆர்?”

இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியாது. பதில் அங்கே நிற்கிறது என்பதும் தெரியாது. மூன்று வருடம் ஒரு ஊரே இதைக் கேட்காமல் இருந்திருக்கிறது. வயல்காரருக்குத் தோணிக்காரர் பிந்தியதே போதுமான காரணம். தோணிக்காரருக்கு விசிலே போதும். யாருக்கும் இன்னொரு கேள்வி தேவைப்படவில்லை.

முதலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. ஆதம்பாவா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழ தூறிச்சி” என்றார்.

மீராலெவ்வை அவர் பக்கம் ஓரடி நெருங்கினார்.

“நான் ஏறக்குள்ள மழ தூறிச்சி. அவன்ட சட்டை என்ட சட்டைக்குப் பக்கத்தில கிடந்திச்சி. நீலக் கோடு போட்ட புதுச் சட்டை. தங்கச்சி தைச்சிக் குடுத்தது. நனைஞ்சா அவள் ஏசுவாள் எண்டு ரெண்டையும் சுருட்டி ஓலைக்குக் கீழ வச்சன்.” மூச்சு வாங்கினார். “அவனும் பின்னால ஏறி வாறான் எண்டுதான் நெனச்சன். விசில் ஊதின பொறகுதான்… ஓலைக்குக் கீழ சட்டை இரிக்கி, ஆள் இல்ல.”

“இப்ப எங்க அந்தச் சட்டை?” என்று மீராலெவ்வை கேட்டார்.

“ஊட்டில. பெட்டிக்குள்ள.”

“ஹாஜறாக்குத் தெரியுமா?”

ஆதம்பாவா இல்லை என்று தலையாட்டினார். அப்படியே மணலில் குந்தினார்.

நான் உதுமாலெவ்வையைப் பார்த்தேன். அவர் ஆதம்பாவா மேல் பாய்வார் என்று பயந்தேன். மற்றவர்களும் பயந்து இரண்டடி நெருங்கினார்கள். அவர் பாயவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை விசிலை எடுத்தார். மூன்று வருடமாக அதைக் கூடவே வைத்திருந்திருக்கிறார். அதை ஆதம்பாவாவின் காலடியில் மணலில் வைத்தார்.

“மூணு வருசம்டா” என்றார். “என்ட மகள்ட நிச்சயம் முறிஞ்சி போச்சி. ஜும்ஆக்கு நான் பின்வாசலால போய் வந்தன். மூணு வருசம்.”

குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். பொழுது பட்டதற்கான மஃரிபு பாங்கு கேட்டது. எல்லோரும் கலைந்தார்கள். நாளைக் காலை வேலையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையை அலுவலகத்தில் சொன்னபோதெல்லாம் என்னைப் பாராட்டினார்கள். நல்ல கேள்வி, உண்மை வெளிவந்தது என்றார்கள். எனக்கு அந்தப் பாராட்டு ஒட்டவில்லை. முதலில் செத்த மனிதனைப் பகிடி பண்ணினேன். இரண்டாவதாக, ஒரு மனிதன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்ததைப் பதினாறு பேருக்கு முன்னால், மணலில் நிற்க வைத்து, வெளியே எடுத்தேன். தனியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பத்திரிகையில் கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடலாம், அடுத்த நாள் அந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் இருக்க வேண்டும். குழு நின்று போனால், அது ஏன் நின்றது என்று கூட்டத்துக்கு முன்பே, வீடு வீடாக, ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இரண்டு பக்கத்தாரும் ஒரே ஆளைக் குற்றம் சொல்லாமல் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தால், அந்த இரண்டு காரணத்துக்கும் நடுவில் ஒருவரும் தொடாத ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை அடையாளம் கண்டால் போதும். கூட்டத்தில் அதை மிதிக்காதீர்கள்.

அடுத்த நாள் காலை, கடிதத்தில் வேலைக்குக் குறித்திருந்தபடி, ஆறரைக்கு நான் மணல்மேட்டுக்குப் போனேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மண்வெட்டிகளோடு பதினைந்து பேர் நின்றார்கள். பத்து நிமிடத்தில் உதுமாலெவ்வை வந்தார். பதினாறு. ஆதம்பாவா இல்லை. அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று மீராலெவ்வையிடம் மெதுவாகக் கேட்டேன். விடியற்காலைச் சுபஹு தொழுகையில் ஆதம்பாவா தன் பக்கத்தில்தான் நின்றார் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இரவெல்லாம் அவருக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நான் விழித்துக் கிடந்தேன்.

“கயிறு கட்டவா?” என்று ஒருவர் கேட்டார்.

“வேணாம்” என்றார் உதுமாலெவ்வை. “இனிச் சட்டைய எண்ண வேணாம். ஆளை எண்ணுவம். நான் பேர் செல்லிக் கூப்பிடுறன். ஏறினவன் அவன்ட வாயால செல்லணும். ஒருத்தனுக்கு மத்தவன் செல்லக் கூடாது.”

வெட்டத் தொடங்கினார்கள். எட்டு மணியளவில் ஆதம்பாவா வந்தார். சட்டையோடு கால்வாய்க்குள் இறங்கி, வளைவுக்கு அப்பால், கடல் முனைக்குப் போனார். அந்த இடத்தை அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை.

பதினொரு மணி இருபத்தைந்துக்குத் தடுப்பு மண் மட்டும் மிஞ்சியது. எல்லாரையும் ஏறச் சொன்னார்கள். உதுமாலெவ்வை மேட்டில் நின்று கூப்பிடத் தொடங்கினார்.

“மீராலெவ்வை!”

“ஏறிட்டன். கெழவன முதல்ல கூப்பிட்டியே, மெத்தப் பெரிய உபகாரம்.”

யாரோ சிரித்தார்கள். பதினைந்து பெயர்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் “ஏறிட்டன்”. மிஞ்சியது ஒரு பெயர். உதுமாலெவ்வை நிறுத்தினார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி மூன்று வருடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. ஏறத்தாழ ஒரு நிமிடம்.

“ஆதம்பாவா” என்றார், சத்தமில்லாமல்.

வளைவுக்கு அப்பாலிருந்து ஒன்றும் வரவில்லை.

“ஆதம்பாவா!” இந்தத் தடவை மேடு முழுவதும் கேட்டது. “டேய், ஏறுடா! உன்ன உட்டுட்டு நான் ஒடைக்கமாட்டன். பயிர் அழுகினா அழுகட்டும். ஏறு!”

சற்று நேரத்தில் வளைவில் அவர் தலை தெரிந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். மேட்டில் ஏறி உதுமாலெவ்வைக்கு முன்னால் நின்றார்.

“ஏறிட்டன்” என்றார்.

தடுப்பு மண்ணை உடைத்தார்கள். பதினொன்று நாற்பதுக்குத் தண்ணீர் கடலைத் தொட்டது. பின்னேரத்துக்குள் முகத்துவாரம் ஐம்பது அடிக்கு அகன்றுவிட்டது. வட்டையில் தண்ணீர் வடிந்தது. களப்பு இறாலில் பாதி போய்விட்டதென்று மீராலெவ்வை இரண்டு மாதம் என்னை ஏசினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், மீராலெவ்வையைப் பார்க்கத் தோணிக்காரர் வீதியால் சைக்கிளில் போனேன். ஹாஜறாவின் வீட்டுப் படலை திறந்திருந்தது. முற்றத்தில் கொடிக் கயிறு. அதில் கழுவிப் போட்ட ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கோடு, அரைக்கை.